லெட் இல்லாத லெட்டும் எஸ்தர் அக்காவின் கீபோர்டும்

நாம் படித்த படிப்பை வீட்டார் முழுமனதாக நம்புவது, வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் நாளில்தான். அதுவரை சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும். ஃபேன் முனக ஆரம்பித்ததும் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். "நம்ம கௌசி எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்குதுங்க" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஆமாம், நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்தான். கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியின் நான்கு வருடங்களில் ஒரு நாள்கூட நானாக ஒரு சோல்டரை, அதாவது உருக்கி ஒட்டும் கம்பியை, தேர்ந்தெடுத்ததில்லை. லேபில் ஒரு சுருள் இருக்கும். ஆளுக்கு ஒரு சாண் வெட்டிக்கொள்வோம். அது என்ன ரகம், என்ன தடிமன், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஹாஸ்டல் சாம்பாரில் என்ன பருப்பு என்று யாராவது கேட்டார்களா? அப்படித்தான்.

படிப்பு முடிந்ததும் திருப்பூரில் எல்லோருக்கும் நடப்பதே எனக்கும் நடந்தது. பனியன் கம்பெனியில் வேலை. முதலிபாளையம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. வெளிநாட்டு பையர்கள் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். ஒரு டி-ஷர்ட்டில் எவையெல்லாம் இருக்கக் கூடாது என்ற பட்டியல் அது. சாயத்தில் இது கூடாது, பிரிண்டில் அது கூடாது, பட்டனில் இன்னொன்று கூடவே கூடாது. அந்தப் பட்டியலையும் ஆய்வக அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போடுவது என் வேலை. பட்டியலில் தவறாமல் இருக்கும் பெயர் ஈயம். குழந்தைகள் பட்டனை வாயில் வைப்பார்களாம். இரண்டு வருடம் இதைச் செய்ததில், ஈயம் என்ற சொல்லைப் பார்த்தாலே என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும் நிலைக்கு வந்திருந்தது. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடக்கப்போகும் அத்தனைக்கும் இதுதான் காரணம்.)

என்னை எல்லோரும் நிதானமான பெண் என்பார்கள். அது பாதி உண்மை. எனக்கும் பதற்றம் வரும்; வந்தால் வெளியே காட்டாமல் போனில் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவேன். பார்ப்பவர்களுக்கு அது நிதானம் மாதிரித் தெரியும்.

எஸ்தர் அக்கா எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறார். வயது முப்பத்தைந்து இருக்கும். இதெல்லாம் நடப்பதற்கு ஒரு வருடம் முன்பு யாரோ விற்ற பழைய கீபோர்டு ஒன்றை வாங்கிவந்து, யூடியூப் பார்த்துத் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். "ஓவர்லாக் ஓட்டுத விரலுக்கு இது என்ன பெரிய காரியம்?" என்பார். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார்.

ஒரு வியாழக்கிழமை மாலை அந்தக் கீபோர்டைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏம்மா கௌசி, நீ எலக்ட்ரானிக்ஸ்தான படிச்சிருக்க?"

அப்பா செய்தித்தாளை இறக்கினார். அம்மா அடுப்பைக் குறைத்தார். சான்றிதழ் பீரோவில் எழுந்து உட்கார்ந்தது.

விஷயம் இதுதான். அவர்கள் போகும் சர்ச்சில், அவர்கள் வாயில் சபையில், வழக்கமாகக் கீபோர்டு வாசிக்கும் தம்பி வேலை மாறி வெளியூர் போய்விட்டான். கீபோர்டும் அவனுடையது, அதுவும் அவனோடு போய்விட்டது. வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பாடகர் குழுவை நடத்தும் சாமுவேல் அண்ணன், எஸ்தர் அக்காவை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"நல்லா வந்தா இனி நான்தான் வாசிக்கணும்னு சொல்லுதாவ. வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவாவளாம். யூடியூப் பாத்துப் படிச்சவளுக்குச் சபையில என்ன வேலைன்னு ரெண்டு பேரு ஏற்கெனவே கேட்டாச்சு. இந்த நேரம் பாத்து இது கண்ணச் சிமிட்டுது, பாரு."

அடாப்டரைக் குத்தினார். கீபோர்டு விழித்தது. வயரை லேசாக அசைத்தார். அணைந்தது.

பேட்டரி போட்டு ஓட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். முந்தைய சொந்தக்காரர் உள்ளேயே மறந்துவிட்ட பேட்டரிகள் கசிந்து, தகடுகள் எல்லாம் பச்சைப் பொடியாகியிருந்தன. மூடிவிட்டேன்.

கீபோர்டின் அடிப்பக்கத்தைக் கழற்றினேன். அடாப்டர் குத்தும் சாக்கெட்டின் கால்கள் உள்ளே போர்டில் ஒட்டியிருக்கும் இடத்தில் விரிசல். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பழைய சோல்டரை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். தெரிந்தவர்களுக்கு அரைமணி நேர வேலை.

"சின்ன வேலைதாங்க்கா" என்றேன். அப்படிச் சொன்ன அந்தக் கௌசல்யாவை இப்போது நேரில் பார்த்தால் வாயைப் பொத்தி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

"என்ற புள்ள கையில குடுத்தாச்சுல்லீங்க, இனி நீங்க பாட்ட மட்டும் பாருங்க" என்றார் அப்பா. ரொம்பவும் தாராளம்.

கம்பியை உருக்க, கல்லூரி நாட்களில் வாங்கிய இருபத்தைந்து வாட் சோல்டரிங் அயர்ன் பரணில் இருந்தது. சோல்டர்தான் இல்லை. மறுநாள் வேலை முடிந்து எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். போகும் முன் போனில் பட்டியல் தயார்:

ஒன்று, ஈயம் இல்லாததாக இருக்க வேண்டும்.
இரண்டு, தடிமனாக இருக்க வேண்டும், நல்ல பிடிமானத்துக்கு.
மூன்று, பாக்கெட்டில் லேபிள் இருக்க வேண்டும், ஆடிட்டுக்கு. (என் வீட்டுக்கு யார் ஆடிட் வருவார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் ஷமீமா. அவள் அத்தாவின் கடை அது. அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு ஆளுக்கு ஃபேன் ரெகுலேட்டர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னங்க்கா?" என்றாள்.

"சோல்டர் வேணுங்க."

"சோல்டரிங் லெட்டா? எதுக்குங்க?"

எங்கள் ஊர்க் கடைகளில் சோல்டருக்கு லெட் என்றுதான் பெயர். பெயரிலேயே ஈயம் இருப்பது எனக்கு அப்போதே உறுத்தியது. கீபோர்டு சாக்கெட் என்றேன்.

"அயர்ன் எத்தன வாட்டுங்க?"

"இருபத்தஞ்சு."

"அப்ப இது போதும்." மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து வைத்தாள். "அறுபது நாப்பது. டின் அறுபது, லெட் நாப்பது. உள்ளயே ரோசின் ஓடுது, தனியா எதுவும் தடவ வேண்டியதில்லை. நல்லா உருகும்."

"நாப்பது சதவீதமா?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு பட்டனில் துளியூண்டு ஈயம் இருந்தாலே மொத்தச் சரக்கும் திரும்பி வரும். நாற்பது சதவீதம் என்றதும் நான் நிஜமாகவே ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ரெகுலேட்டர் வாங்க வந்தவரின் காலை மிதித்தேன்.

"லெட் ஃப்ரீ இருக்குங்களா?"

"லெட் இல்லாத லெட்டுங்களா?" என்று கேட்டார் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

"இருக்குதுங்க்கா. ஆனா அது உருகறதுக்குச் சூடு நெறைய வேணும். உங்க அயர்னுக்குச் சாக்கெட் மாதிரி எடத்துல சரியா ஓடாது."

"குழந்தைங்க தொடுவாங்க."

"கீபோர்டக் கழட்டி உள்ள கைய வுட்டா?"

"அப்படி இல்லீங்க. ஆனா பையர் யாரும் இதை ஒத்துக்கவே மாட்டாங்க."

ஷமீமா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீங்க கீபோர்ட ஒட்டப் போறீங்களா, இல்ல தெச்சு ஏத்துமதி பண்ணப் போறீங்களா?"

ரெகுலேட்டர்காரர் வலியை மறந்து சிரித்தார். நான் நிதானமாக இருந்தேன். அதாவது, போனில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்: 'கடைக்காரர் சொல்வதைக் கேட்டு மனம் மாறக் கூடாது.'

தடித்த லெட் ஃப்ரீ கம்பியாகக் கேட்டு வாங்கினேன். "ஃபிளக்ஸ் பேஸ்டாவது கொஞ்சம் வெச்சுக்கோங்க, ஓடறதுக்கு உதவும்" என்றாள். "அந்தக் கெமிக்கலுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்குங்களா?" என்று கேட்டேன். அவள் கம்பியைத் தாளில் மடித்தாள். பொட்டலத்தைக் கொடுக்கும்போது மட்டும், "சட்டை பத்திரம்ங்க்கா" என்றாள்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு ஆப்பரேஷன் தொடங்கியது. அம்மா டார்ச் அடித்தார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மேற்பார்வை.

பழைய சோல்டர் சமர்த்தாக உருகி வந்தது. (அதில் ஈயம் இருந்ததால்தான் அந்தச் சமர்த்து. அது எனக்குத் தோன்றவே இல்லை.) புதிய கம்பியை வைத்தேன். உருகவில்லை. அயர்னை அழுத்தினேன். கம்பி வளைந்தது, நெளிந்தது, ஒரு மூலையில் கொஞ்சம் இளகியது. மறு மூலை இறுகிவிட்டது. சாக்கெட்டின் கால்கள் பெரியவை. அயர்னில் இருந்த சூட்டையெல்லாம் அவை குடித்துக்கொண்டிருந்தன. நான் ராகிக் களி கிண்டுவது போலக் கிண்டினேன்.

"வேகலையாட்ட இருக்குது கண்ணு" என்றார் அம்மா.

"இது சமையல் இல்லம்மா."

"எதா இருந்தா என்ன? மேல மட்டும் வெந்து உள்ள மாவா இருக்கற மாதிரி இருக்குது. இன்னுஞ் சித்தெ நேரம் வைக்கோணும்."

"அதிக நேரம் வெச்சா போர்டு கெட்டுடும்மா."

"அப்ப தீ பத்தல."

நான் அயர்னை இன்னும் அழுத்தினேன். சோல்டரிங் பற்றி எந்தப் புத்தகத்தையும் திறக்காத என் அம்மா, வாசனையும் பார்வையும் கொண்டே சரியான நோயைச் சொல்லிவிட்டார் என்பது புரிய எனக்கு இன்னும் ஒரு நாள் தேவைப்பட்டது.

ஒரு வழியாக மூன்று கால்களின் மேலும் மூன்று உருண்டைகள் உட்கார்ந்தன. சாம்பல் நிறம், சொரசொரப்பு, கொஞ்சமும் பளபளப்பு இல்லை. அங்கே செய்தேன் இரண்டாவது தவறை. எங்கள் தொழிலில் இஸ்திரி போட்ட துணியில் பளபளவென்று ஓர் இடம் தெரிந்தால் அதற்கு ஷைன் மார்க் என்று பெயர். பெரிய குறை. அந்தத் துணியை ஒதுக்கிவிடுவோம். இரண்டு வருடமாகப் பளபளப்பைத் தேடித்தேடி ஒதுக்கிய கண்ணால் அந்த உருண்டைகளைப் பார்த்தேன். துளி ஷைன் இல்லை. 'அருமையான மேட் ஃபினிஷ்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாஸ் போட்டேன்.

அடாப்டரைக் குத்தியதும் கீபோர்டு எரிந்தது. பத்து நிமிடம் அணையவில்லை. எஸ்தர் அக்கா இறங்கி வந்து நின்றபடியே ஒரு பாட்டை வாசித்தார். கண் கலங்கிவிட்டார். "உன் கையப் பிடிச்சு முத்தணும் போல கிடக்கும்மா" என்றார். மாடிக்குப் போய் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிறு ஆராதனைக்கு எங்களையும் அழைத்தார். அப்பாவுக்கு ஒரு கல்யாணம் இருந்தது. நானும் அம்மாவும் போனோம். முந்திரிக்கொத்து தீரும் முன்பே என் மானம் தீர்ந்துபோகும் என்று எனக்குத் தெரியாது.

கீபோர்டு ஷேர் ஆட்டோவில் வந்தது. வழியில் எத்தனை வேகத்தடை என்று நான் எண்ணவில்லை. அந்த மூன்று உருண்டைகள் எண்ணியிருக்கும்.

சபைக்குள் நுழைந்ததுமே அம்மா சொக்கிப்போனார். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் உழைப்பில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பது. வயல் இல்லாத பனியன் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளைத் துணி விரித்த மேசையில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் டி-ஷர்ட் கட்டுகள். மூலனூர் முருங்கைக்காய்க் கட்டுக்கு மேல் குழந்தைகளின் ஜட்டி பாக்கெட்டுகள். வாழைத்தார் ஒன்றின் கழுத்தில் யாரோ எலாஸ்டிக் ரோலை மாலையாகப் போட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகுமாம். மேசைக்குப் பக்கத்தில் கீபோர்டு. எங்களுக்கு முதல் வரிசையிலேயே இடம்.

சாமுவேல் அண்ணன் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். அட்டைப்பெட்டிகளை எப்படி நிறுத்துவாரோ அப்படித்தான் எட்டுப் பாடகர்களையும் உயரவாரியாக நிறுத்தியிருந்தார். எஸ்தர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் 'பார்ப்போம்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

முதல் பாட்டு தொடங்கியது. எஸ்தர் அக்கா அழகாக வாசித்தார். அவருக்கு ஒரே ஒரு சுருதியின் கட்டைகளில்தான் விரல் ஓடும். ஆனால் பாடகர் குழு எப்போதும் உயர்ந்த சுருதியில் பாடும் பழக்கமுள்ளது. அதனால் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தி, விரலை மாற்றாமலேயே சுருதியை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தார். எட்டுப் பேரும் உச்சத்தில் நின்று பாடினார்கள். மற்றவர்கள்? ஆண்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். பெண்கள் பாதி வரியில் மூச்சு வாங்கினார்கள். எனக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது; எல்லாச் சபையிலும் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சரணத்தில் கீபோர்டு அணைந்தது.

எஸ்தர் அக்கா வயரைத் தொட்டார். விழித்தது. அவர் விரல்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. ஆனால் அணைந்து எழுந்த கீபோர்டுக்குப் பழைய ஞாபகம் எதுவும் இல்லை. தூக்கி வைத்திருந்த சுருதியை மறந்துவிட்டுத் தரைக்கு வந்துவிட்டது. மேலே நின்ற எட்டுப் பேருக்கும் திடீரென்று காலடியில் மாடிப்படி இல்லாமல் போனது. எட்டுப் பேரும் எட்டு முடிவு எடுத்தார்கள். ஒருவர் மேலேயே நின்றார். ஒருவர் குதித்தார். ஒரு அக்கா இருமுவது போல நடித்தார். சாமுவேல் அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வை, டேமேஜ் பீஸை கையில் எடுத்துப் பார்க்கும் பார்வை.

நான் போனை எடுத்தேன். 'ஒன்று, சாக்கெட். இரண்டு, அடாப்டர். மூன்று, ப்ளக் பாயின்ட். நான்கு, பின்வாசல் எந்தப் பக்கம்?'

அதற்குள் மறுபடியும் அணைந்தது.

இந்த முறை எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. மெஷின் நின்றால் டெய்லர்கள் மெக்கானிக்கைத் தேடிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அதுதான் என்னை எழுப்பியது. முதல் வரிசையிலிருந்து எழுந்து, இருநூறு பேர் பார்க்க, நிதானமாக நடந்து போய்க் கீபோர்டுக்குப் பின்னால் மண்டியிட்டேன். அடாப்டர் முள்ளை மேல்நோக்கி ஒரு கோணத்தில் தூக்கிப் பிடித்தேன். எரிந்தது. ஒரு நூல் இறக்கினேன். அணைந்தது. ஏற்றினேன். எரிந்தது.

"அப்படியே இரு" என்றார் எஸ்தர் அக்கா உதடு அசையாமல். "விட்றாத, தாயி."

விடவில்லை. அந்தப் பாட்டு முடிந்தது, அடுத்தது தொடங்கியது. மறுபடி அணைந்துவிடுமோ என்று எஸ்தர் அக்கா சுருதியைத் தூக்கும் பட்டன் பக்கமே போகவில்லை. கைகள் இரண்டும் தலைக்கு மேலே. குனிந்த தலைக்கு அந்தப் பக்கம் பூசணிக்காய். தோளில் தீ. கண்ணில் தண்ணீர். காணிக்கைப் பாட்டு வந்தது. எல்லோரும் வரிசையாக முன்னால் வந்து தங்கள் காணிக்கையை மேசையில் வைக்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், மண்டியிட்டு, இரு கையையும் மேலே ஏந்தி, கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறாள்.

தேங்காய்களோடு வந்த ஒரு வயதான அம்மா நின்றுவிட்டார்.

"யாரு பெத்த பிள்ளையோ! என்னா பாரத்தோட வந்திருக்கோ!"

தேங்காய்களை வைத்துவிட்டு, தன் உள்ளங்கையை என் தலையில் அழுத்தி வைத்து எனக்காக ஜெபிக்க ஆரம்பித்தார். நல்ல கனமான கை. மனதார வைத்த கை. தலை இறங்கியது. தலையோடு தோள் இறங்கியது. தோளோடு கை இறங்கியது.

கீபோர்டு அணைந்தது.

அந்த நொடியில் நடந்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. இசை நின்றது, பாட்டு நிற்கவில்லை. கீபோர்டு தரைக்கு இறங்கிய அந்தச் சுருதியிலேயே சபை முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த ஆண்கள் கடைசி வரிசையிலிருந்து இடிபோலப் பாடினார்கள். மூச்சு வாங்கிய பெண்கள் கண்ணை மூடிப் பாடினார்கள். அந்த அம்மாவின் ஜெபம் முடிந்து, என் தலை மேலே வந்து, கை மேலே வந்து, கீபோர்டு விழித்தபோது எஸ்தர் அக்கா அந்தப் பாட்டுக்குள் ஊசி நூல் கோப்பதுபோல நுழைந்துகொண்டார். சுருதி இம்மிகூடப் பிசகவில்லை. அது விழிப்பதே அந்தச் சுருதியில்தானே.

ஆராதனை முடிந்ததும் சாமுவேல் அண்ணன் நேராக வந்தார். எஸ்தர் அக்கா சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் கையைக் கீழே இறக்க முயன்றுகொண்டிருந்தேன், வரவில்லை.

"எஸ்தரு, அந்த ரெண்டாவது வந்துச்சே, அது என்ன சுருதி?"

"அண்ணே, அது நான் வச்சதில்ல. அதுவா கீழ எறங்கிட்டு. மன்னிச்சுக்கிடுங்க, இனி…"

"எங்க அம்ம இன்னைக்குப் பாடினாவ" என்றார் அவர்.  "எத்தனையோ வருசமாச்சு, சபையில அவிய வாயத் தொறந்து. என்னன்னு கேட்டா, 'நீ ஒசரத்துல வச்சிருக்க, எனக்கு எட்டல'ன்னுதாவ. நம்ம எட்டுப் பேரு தொண்டையத்தான் பாத்திருக்கோம்." கையிலிருந்த பாட்டு நோட்டை மூடினார். "அடுத்த வாரத்துலேர்ந்து அந்தச் சுருதிதான். நீதான் வாசிக்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா இந்தத் தங்கச்சி வாராவாரம் வந்து பிடிச்சுக்கிட்டு நிக்குமா?"

நான் உண்மையைச் சொன்னேன். ஈயம் சேராத சோல்டர், அதை உருக்கச் சூடு போதாத அயர்ன், கடைக்காரப் பெண் சொல்லியும் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. எஸ்தர் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்போ நீ ஒழுங்கா ஒட்டியிருந்தா நான் இன்னைக்கு ஒசரத்துலயே வாசிச்சிருப்பேன். இவிய வேற ஆளப் பாத்திருப்பாவ."

"அப்படியும் சொல்லலாங்க்கா."

"இருந்தாலும் சரியா ஒட்டிக் குடுத்துரு. கை வலிக்கும்லா."

திங்கட்கிழமை ஷமீமாவின் கடை. என்னைப் பார்த்ததும், "என்னங்க்கா, சட்டை கிழிஞ்சிருச்சா?" என்றாள். அறுபது நாற்பது மெல்லிய சுருளை அவளாகவே எடுத்து வைத்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். கம்பியை அயர்னில் வைக்காமல், முதலில் சாக்கெட்டின் காலைச் சூடாக்கி, அந்தக் காலில் கம்பியைத் தொட வேண்டும். தடித்த கம்பி இந்த வேலைக்கு ஆகாது. அவளிடமே ஒரு பெரிய அயர்னையும் இரவல் வாங்கிவந்தேன்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பதில் பின்பக்கத்து ஸ்டூல். சாம்பல் உருண்டைகளைச் சுத்தமாக எடுத்தேன். காலைச் சூடாக்கிக் கம்பியைத் தொட்டேன். சுட்ட தோசையில் நெய் ஓடுவதுபோல ஓடி, காலைச் சுற்றிலும் வழிந்து, பளிச்சென்று உட்கார்ந்தது. அதன் பளபளப்பைப் பார்த்ததும் என் கை சிவப்புப் பேனாவுக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

டார்ச் அடித்த அம்மா எட்டிப் பார்த்தார். "இப்ப வெந்துருச்சு" என்றார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவச் சொன்னதும் அவர்தான். அது என் பட்டியலிலும் இருந்தது.

லெட் ஃப்ரீ மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பிறகு சூட்டை ஏற்றி இறக்கும் நல்ல அயர்ன் ஒன்றை வாங்கினேன். இப்போது அதையும் ஒழுங்காகவே உபயோகிக்கிறேன்; சாம்பல் நிறமும் அதற்கு இயல்புதான் என்று தெரிந்துகொண்டேன். அன்று நான் செய்த பிழை ஈயத்தை வெறுத்தது அல்ல. டி-ஷர்ட்டுக்குப் போட்ட பட்டியலைக் கீபோர்டிடம் நீட்டியதுதான். இப்போது எதை ஒட்டுகிறேன், கையில் என்ன அயர்ன் இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்த பிறகே கம்பியைத் தொடுகிறேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு சபையிலிருந்து டார்ச், ரேடியோ, கொசு பேட் என்று ஏதாவது ஒன்று வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறது. "ஒட்ட முடிஞ்சா ஒட்டும்மா, இல்லைன்னா கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் இது ஒட்டிக்கொண்டது. வைஃபை போனால், "கண்ணு, போயி சித்தெ புடிச்சுக்க" என்பார் அப்பா. கல்யாணத்துக்குப் போய் அந்தக் காட்சியைத் தவறவிட்ட வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

எஸ்தர் அக்கா இரண்டு வருடமாக வாராவாரம் வாசிக்கிறார். பாடகர் குழுவின் நோட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரத்தில் பென்சிலால் சுருதி எழுதி வைப்பார்கள். பாதிப் பாட்டுக்கு மேல் 'கௌ' என்று எழுதியிருக்கும். கௌசி சுருதி. குளியலறையில்கூட ஒரு வரி சரியாகப் பாடத் தெரியாத எனக்கு என் பெயரிலேயே ஒரு சுருதி இருக்கிறது.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மேற்கத்திய இசையெல்லாம் முறையாகப் படித்தவள், நோட்டைப் பார்த்துக் குழம்பி எஸ்தர் அக்காவிடம் கேட்டாளாம். "அக்கா, இந்த 'கௌ' எந்த ஸ்கேல்? நான் படிச்சதுல இது இல்லையே?"

எஸ்தர் அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாராம்: "அது ஈயம் சேராத சுருதிடி. புத்தகத்துல இருக்காது."